கடனில் மூழ்கிய குடும்பம் கரையேற: நோட்டு எழுதுவதிலிருந்து பத்திரத்தைத் திரும்ப வாங்குவது வரை

காலை ஏழு மணிக்கு வட்டிக்காரர் வாசலில் நின்று சத்தம் போடுகிறார். தெருவே பார்க்கிறது. கையில் இருந்த இரண்டாயிரத்தைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அந்தப் பணம் வாடகைக்கு வைத்திருந்தது. வாடகைக்கு வேறொருவரிடம் வாங்குகிறோம். அடுத்த வாரம் அவரும் வாசலுக்கு வருகிறார்.

ஈரோடு, நாமக்கல் பக்கம் மகளிர் குழுக்களின் கணக்கு நோட்டுகளோடு பல காலம் பழகியவள் நான். கடனில் மாட்டிய வீடுகளில் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான்: யார் அதிகமாகச் சத்தம் போடுகிறாரோ அவருக்கே முதல் பணம். இந்த வரிசைதான் குடும்பத்தை மேலும் மேலும் உள்ளே இழுக்கிறது. யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு, எவ்வளவு என்பதை நீங்களே முடிவு செய்யும் நாளில் நிலைமை மாறத் தொடங்கும். அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாக எழுதுகிறேன். படிகளை முன்பின் மாற்றாமல் செய்தால் நல்லது.

அதற்கு முன் ஒன்று. இதைப் படிக்கும்போதே "செத்துப்போனால் தேவலை" என்ற நினைப்பு உங்களுக்கோ வீட்டில் வேறு யாருக்கோ வந்திருந்தால், கணக்கெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். 14416 அல்லது 104 எண்ணுக்கு இப்போதே பேசுங்கள். தமிழில் பேசலாம், காசு கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள். இன்று இரவு தனியாக இருக்காதீர்கள், நம்பிக்கையான ஒருவரைக் கூட இருக்கச் சொல்லுங்கள். எவ்வளவு பெரிய கடனுக்கும் பேசித் தீர்க்கவோ, சட்டப்படி தள்ளிப்போடவோ, சிறுகச் சிறுகக் கட்டவோ வழி இருக்கிறது.

முதல் படி: இன்றோடு புதுக் கடன் நிறுத்தம்

பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் வாங்குவதை ஒரு மாதத்துக்காவது நிறுத்துங்கள். தண்டல் (தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வசூலிக்கும் கடன்) முடிகிற தேதியில் "அக்கா, மறுபடி ஒரு பத்து போட்டுத் தரட்டுமா?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனில் இருக்கும் லோன் ஆப்களை அழியுங்கள். அழிக்கும் முன் கடன் எண், வாங்கிய தொகை, கட்டிய தொகை தெரியும் பக்கங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பின்னால் புகார் கொடுக்க அவை வேண்டும்.

இரண்டாம் படி: வீட்டார் எல்லோரும் உட்கார்ந்து ஒரு நோட்டு

இந்த வழிகாட்டியிலேயே கடினமான படி இதுதான். கணவருக்குத் தெரியாமல் மனைவி மற்ற பெண்களோடு குழுவாகச் சேர்ந்து கம்பெனியிடம் வாங்கிய குழு லோன், மனைவிக்குத் தெரியாமல் கணவர் எழுதிக் கொடுத்த புரோநோட்டு, மகன் போனில் எடுத்த கடன் எல்லாம் ஒரே இடத்துக்கு வரவேண்டும். ஒருவர் மறைத்தாலும் கணக்கு தப்பாகும். அதனால் உட்காரும் முன்னே ஒரு பேச்சு பேசிக்கொள்ளுங்கள்: "ஏனுங்க, இன்னைக்கு யாரும் யாரையும் திட்ட வேண்டாம், எழுத மட்டும் செய்வோம்." திட்டு தொடங்கினால் நோட்டை மூடிவிட்டு மறுநாள் உட்காருங்கள்.

ஒவ்வொரு கடனுக்கும் இவற்றை எழுதுங்கள்: யாரிடம், எந்தத் தேதியில், கையில் வந்தது எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு, இன்னும் நிற்பது எவ்வளவு, தவணை எப்போது எவ்வளவு, ஈடாகக் கொடுத்தது என்ன. கடைசி விஷயம் பலருக்கு மறந்துவிடும். கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்த வெற்றுச் செக், வெற்று முத்திரைத்தாள், ஏ.டி.எம். கார்டு, ஆர்.சி. புத்தகம், வீட்டுப் பத்திரம் என்று எதுவாக இருந்தாலும், செக் எண் உட்பட எழுதுங்கள்.

மளிகைக் கடைப் பாக்கி, பள்ளிக் கட்டணம், ஏலம் எடுத்துவிட்ட சீட்டுக்குக் கட்ட வேண்டிய மிச்சத் தவணை ஆகியவையும் இதில் வரும். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துக்காரர்கள் மொய் நோட்டையும் எடுத்து வையுங்கள். மொய் விருந்தில் வந்த பணம் திரும்பச் செய்ய வேண்டிய பணம்தானே.

வங்கி, நிதி நிறுவனக் கடன்களில் விட்டுப்போனது ஏதாவது உண்டா என்று கடன் அறிக்கை வாங்கிப் பாருங்கள். சிபில் போன்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். உங்கள் பெயரில் வேறு யாராவது எடுத்த கடனும் இதில் வெளியே வரும்.

மூன்றாம் படி: எல்லா வட்டியையும் ஆண்டுக் கணக்குக்கு மாற்றுங்கள்

வங்கி "ஒன்பது" என்கிறது, பக்கத்துத் தெரு பைனான்ஸ்காரர் "மூணு" என்கிறார். மூன்றுதான் குறைவு என்று காது நினைத்துக்கொள்கிறது. வங்கியின் ஒன்பது ஆண்டுக்கு. மூணு வட்டி மாதத்துக்கு, அதாவது ஆண்டுக்கு 36 சதவீதம். பத்து வட்டி என்றால் ஆண்டுக்கு 120.

தண்டலில் வட்டி கண்ணுக்கே தெரியாது. பத்தாயிரம் தண்டல் என்பார்கள், கையில் 8,500 வரும், தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 1,500 ரூபாய்தானே கூடுதல், 15 சதவீதம் என்று தோன்றும். ஆனால் முழு 8,500-ம் நூறு நாளும் உங்கள் கையில் இருப்பதில்லை. முதல் நாளிலிருந்தே திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள், பாதி நாளில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. நாள் கணக்கில் போட்டுப் பார்த்தால் இது ஆண்டுக்கு ஏறத்தாழ 120 சதவீதம். பத்து வட்டியும் தண்டலும் ஒன்றேதான். தண்டல்காரர் சிரித்துப் பேசி வாங்கிப் போகிறார் என்பதால் அது மலிவான கடன் ஆகிவிடாது.

நோட்டில் ஒவ்வொரு கடனுக்கும் பக்கத்தில் ஆண்டு வட்டியைச் சிவப்பு மையில் எழுதுங்கள்.

நான்காம் படி: மாதம் எவ்வளவு குறைகிறது?

உதாரணத்துக்கு, பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறி ஓட்டும் கணவன் மனைவி என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் சேர்த்து மாதம் 24,000 வருகிறது. இரண்டு குழு லோன்கள், வாரம் 750, 900. மாதத்துக்கு ஏறக்குறைய 7,150. தண்டல் தினம் 100, மாதம் 3,000. பத்து வட்டிக்கு 20,000 வாங்கியதில் வட்டி மட்டும் 2,000. மூணு வட்டிக்கு 50,000 வாங்கியதில் வட்டி 1,500. வங்கி நகைக்கடன் 1,20,000, ஒன்பது சதவீதத்தில் மாத வட்டி 900. மொத்தம் 14,550 கடனுக்கே போகிறது. கையில் மிச்சம் 9,450.

வீட்டு வாடகை 3,500, சாப்பாடு 8,000, கரண்டும் கேஸும் 1,200, பிள்ளையின் பள்ளி வேன் 1,500. இது 14,200. ஆக மாதம் 4,750 குறைகிறது. இவர்கள் ஊதாரிகள் இல்லை. செலவில் ஆடம்பரம் என்று ஒரு வரிகூட இல்லை. ஆனாலும் மாதாமாதம் 4,750 புதுக் கடன் ஏறிக்கொண்டே இருக்கும்.

உங்கள் வீட்டுக்கும் இந்த ஒரு எண்ணைக் கண்டுபிடியுங்கள். மொத்தக் கடன் எட்டு லட்சமா பத்து லட்சமா என்பது பயமுறுத்துகிற எண், இப்போதைக்கு அதை விடுங்கள். மாதம் எவ்வளவு குறைகிறது என்பதுதான் வேலை செய்யக்கூடிய எண்.

ஐந்தாம் படி: உங்கள் வரிசை

முதல் பணம் வீட்டுக்கு. அரிசி, வாடகை, மருந்து, கரண்ட், பிள்ளையின் படிப்பு, பிழைப்புக்கான கருவி. கடன்காரருக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தில் சாப்பிடலாம் என்று இருந்தால் நோய் வரும், வேலை போகும், கடைசியில் கடன்காரருக்கும் கிடைக்காது. ஆட்டோ ஓட்டிப் பிழைப்பவருக்கு ஆட்டோ லோன் தவணையும் இந்த முதல் கட்டத்தில்தான் வரும், வண்டி போனால் வருமானமே போய்விடும்.

அடுத்து, வீட்டை அடமானம் வைத்த வங்கிக் கடன். தொடர்ந்து 90 நாள் தவணை நின்றால் அது வாராக்கடன் கணக்கில் போகும். அதன்பின் சர்ஃபாசி சட்டப்படி (கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தைக் கைப்பற்ற வங்கிக்கு வழிதரும் சட்டம்) 60 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் வரும். மூன்று தவணை தவறும்வரை காத்திருக்காமல் முதல் தவணை தவறும் முன்னே கிளைக்குப் போய்த் தவணைக்காலத்தை நீட்டித் தரும்படி எழுதிக் கொடுங்கள்.

அதற்கடுத்து, சிவப்பு மையில் பெரிய எண் உள்ள கடன்கள். மேலே சொன்ன குடும்பத்துக்கு என்ன வழி என்று பார்ப்போம். நகை வைத்த பிறகு தங்கம் விலை ஏறியிருந்தால் அதே நகைக்கு வங்கியில் கூடுதலாகத் தருவார்கள். ஒரு 70,000 கூடுதலாகக் கிடைத்தால் பத்து வட்டி 20,000-ஐயும் மூணு வட்டி 50,000-ஐயும் ஒரே நாளில் முடித்துவிடலாம். அந்த எழுபதாயிரத்துக்கு வங்கி வட்டி மாதம் 525. இதுவரை கொடுத்தது 3,500. மிச்சம் 2,975. ஓடிக்கொண்டிருக்கும் தண்டலை மறுபடி எடுக்காமல் முடியவிட்டால் இன்னொரு 3,000 மிஞ்சும். இரண்டும் சேர்ந்து 5,975. முன்பு 4,750 குறைந்த வீட்டில் இப்போது 1,225 கையில் நிற்கிறது. கடன் மொத்தத்தில் பெரிதாகக் குறையவில்லை, ஆனால் புதுக் கடன் ஏறுவது நின்றுவிட்டது.

முதல் படியில் புதுக் கடன் வேண்டாம் என்று சொன்னேன். இந்த ஒன்றுக்கு மட்டும் விலக்கு, அதுவும் ஒரு நிபந்தனையோடு: வங்கியிலிருந்து பணம் வாங்கிய கையோடு நேராகப் போய் அந்த இரண்டு கடன்களையும் முடிக்க வேண்டும். நடுவில் ஒரு ரூபாய்கூட வேறு எதற்கும் எடுக்கக் கூடாது.

நகை விலை ஏறவில்லை, கூடுதலாகத் தர வங்கி மறுக்கிறது என்றால் நகையில் ஒரு பகுதியை விற்றுவிடுவது நல்லது என்பேன். "அம்மா வீட்டில் போட்டது" என்ற வலி எனக்குப் புரியும். ஆனால் பத்து வட்டிக்கு வட்டி கட்டிக்கொண்டே பெட்டியில் நகை வைத்திருந்தால் அந்த நகை ஒவ்வொரு மாதமும் கரைந்துகொண்டுதான் இருக்கிறது. நகைக்கடனில் தேதியையும் கவனியுங்கள். பெரும்பாலும் ஓராண்டுக்குள் வட்டியைக் கட்டியோ முழுதும் திருப்பியோ ஆகவேண்டும். மீறி ஏலம் போனால்கூட கடன்போக மிச்சப் பணம் உங்களுடையது, கேட்டு வாங்குங்கள்.

மச்சானிடமும் தோழியிடமும் வாங்கிய கைமாத்து இந்த வரிசையில் கடைசியில் வரும். வட்டி இல்லை என்பதற்காக அவர்களைப் பார்த்தால் ஒதுங்கிப் போவதுதான் தப்பு. வீட்டுக்குப் போய் நோட்டைக் காட்டுங்கள். "உங்களுக்கு அடுத்த தைக்கு மேல்தான் முடியும், அதுவரை மாதம் ஐநூறு" என்று சொல்லுங்கள். சொன்ன ஐநூறைத் தவறாமல் கொடுங்கள்.

ஆறாம் படி: கடன் கொடுத்தவரிடம் நீங்களே முதலில் பேசுங்கள்

ஒளிவதும் போனை அணைப்பதும் அவர்கள் கையை ஓங்கவைக்கும். போய்ப் பேசும்போது முடிகிற தொகையை மட்டும் சொல்லுங்கள். மாதம் ஆயிரம்தான் முடியும் என்றால் ஆயிரம். பயத்தில் மூவாயிரம் என்று ஒப்புக்கொண்டு இரண்டாம் மாதம் தவறினால் அதன்பின் உங்கள் பேச்சுக்கு மதிப்பிருக்காது.

குழு லோன் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இவற்றுக்கு ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் முதல் நடைமுறைப்படுத்திய விதிகள் பெண்கள் பலருக்குத் தெரியாது. ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடு வாங்காமல் தருவதுதான் நுண்கடன். அந்தக் குடும்பம் எல்லாக் கடன்களுக்கும் மாதம் கட்டும் தொகை, மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. நம் உதாரணக் குடும்பத்துக்குப் பாதி என்பது 12,000, கட்டுவதோ 14,550. ஆக இனி ஒரு குழு லோன் தர எவருக்கும் விதியில் இடமில்லை, நீங்கள் கேட்டாலும் கூட. முன்கூட்டியே முடித்தால் அபராதம் வாங்கக் கூடாது. தவணை தவறினால் தவறிய தொகைக்கு மட்டுமே அபராதம், முழுக் கடனுக்கும் போடக் கூடாது. வசூல் பேசிவைத்த பொது இடத்தில்தான் நடக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு முறையோ அதற்கு மேலோ நீங்கள் அங்கே வராவிட்டால்தான் வீட்டுக்கு வரலாம்.

ஒரு சங்கடமும் உண்டு. குழு லோனில் நீங்கள் கட்டாவிட்டால் பக்கத்து வீட்டுப் பெண்களைச் சேர்த்துக் கட்டச் சொல்கிறார்கள். இரவு வரை எல்லோரையும் உட்காரவைத்த கதைகள் நிறைய. அதனால் வாரக் கூட்டத்துக்குப் போகாமல் இருப்பதைவிட, முந்தின வாரமே போய் எல்லோர் முன்னிலையிலும் சொல்லுங்கள்: "தம்பி, எட்டு வாரத்துக்கு என்னால 750 முடியாது, 300 கட்டறேன். கடிதமா எழுதிக் கொண்டாந்திருக்கேன், வாங்கிக்கிட்டு சீல் போட்டுக் கொடுங்க." அவர் வாங்க மறுத்தால் அதே கடிதத்தைக் கிளை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை நோட்டில் ஒட்டுங்கள். கடன் அட்டையில் வசூலிப்பவரின் கையெழுத்து இல்லாமல் எந்தப் பணமும் கொடுக்காதீர்கள்.

தனி ஆளிடம் வாங்கிய கடனை முடிக்கும்போது அக்கம்பக்கத்து இரண்டு பேரைக் கூட்டிப்போங்கள். பணத்தை வங்கி வழியாகவோ ஜிபே வழியாகவோ அனுப்பினால் நல்லது. புரோநோட்டையும் செக்கையும் கையில் வாங்கிய பிறகே கடைசித் தொகை.

ஏழாம் படி: மிரட்டல் வந்தால்

வங்கியோ நிதி நிறுவனமோ, வசூல் ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் தவணை கேட்டு அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. நுண்கடனுக்கு இன்னும் இறுக்கம், காலை 9 முதல் மாலை 6 வரைதான். கெட்ட வார்த்தை, உறவினரிடமும் வேலை செய்யும் இடத்திலும் சொல்லி அவமானப்படுத்துவது, பொருளைத் தூக்கிப் போவது எல்லாம் தடை. நடந்தால் தேதி, நேரம், ஆள், சொன்ன சொல் என நோட்டின் பின்பக்கம் எழுதுங்கள். முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லையென்றால், அல்லது பதில் சரியில்லையென்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448.

கந்துவட்டிக்குத் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இருக்கிறது, 2003-ல் வந்தது. தினவட்டி, மணிநேர வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே அந்தச் சட்டம் தடுக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். ஈடில்லாத கடனுக்கு அனுமதிக்கப்பட்ட வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம், அதாவது ஒரு வட்டி. 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் அலுவலகத்தில் ஒரு குடும்பமே உயிரை விட்ட பிறகுதான் இந்தச் சட்டத்தைப் பலரும் கேள்விப்பட்டார்கள். 2022 ஜூனில் மாநிலம் முழுக்கக் கந்துவட்டிக்கு எதிரான போலீஸ் நடவடிக்கை நடந்தது. 2025-ல் கடன் நிறுவனங்களின் கட்டாய வசூலைத் தடுக்கச் சட்டமன்றம் இன்னொரு சட்டமும் நிறைவேற்றியது. சட்டம் இருக்கிறது, அதைக் கையில் எடுக்கத் துணையும் ஆவணமும் வேண்டும். தனியாகப் போகாதீர்கள்.

புகாரை ஸ்டேஷனில் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் எஸ்.பி. அலுவலகம். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து எண் வாங்குங்கள். "பேசி முடிச்சுக்கங்க" என்று சொல்வார்கள். பேசலாம், ஆனால் வாங்கிய அசல், கட்டிய வட்டி இரண்டையும் எழுதிய தாளை முன்னால் வைத்துப் பேசுங்கள். வாங்கிய அசலைப்போல் இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருப்பது அந்தத் தாளில்தான் தெரியவரும்.

லோன் ஆப் மிரட்டலுக்கு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண், அல்லது சைபர் குற்றப்பிரிவு. முறையான ஆப் உங்கள் தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் எடுக்கவே கூடாது. மார்பிங் படம் (உங்கள் முகத்தை ஒட்டிப் போலியாக மாற்றிய படம்) அனுப்புகிறவனுக்கு ஒரு தடவை பணம் கொடுத்தால் அவன் நிறுத்த மாட்டான், மறுபடி கேட்பான். உறவினர்களுக்கு நீங்களே முன்கூட்டி ஒரு செய்தி போட்டுவிடுங்கள்: "என் பெயரில் ஏதாவது படம் வந்தால் அது மோசடி, போலீசில் சொல்லியிருக்கிறேன்." அதோடு அவன் பிடி பெருமளவு தளர்ந்துவிடும்.

எட்டாம் படி: வக்கீல் நோட்டீஸ், கோர்ட் சம்மன்

கடன் கட்ட முடியாமல் போனதற்காக மட்டும் யாரையும் ஜெயிலில் போட முடியாது. அது சிவில் விவகாரம். செக் மட்டும் வேறு மாதிரி. வங்கியில் திரும்பி வந்த செக்குக்கு நோட்டீஸ் வந்தால், கையில் கிடைத்ததிலிருந்து 15 நாள்தான் அவகாசம். அதற்குள் பணம் கொடுக்காவிட்டால் குற்றவியல் வழக்கு போடலாம், இரண்டு ஆண்டு வரை சிறைக்கும் செக் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதத்துக்கும் இடமுண்டு. எனவே தபால்காரர் கொண்டுவரும் நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்பாதீர்கள். திருப்பினாலும் கிடைத்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். வெற்றுச் செக்கில் அவர்களே பெரிய தொகையை நிரப்பியிருந்தால் அந்த 15 நாளுக்குள் வக்கீல் மூலம் பதில் போக வேண்டும்.

வக்கீலுக்குப் பணம் எங்கே என்று கேட்பீர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். 15100-ல் கேட்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் வங்கிக் கடன்களைப் பேசித் தீர்க்கலாம். அங்கே முடிந்தால் மேல்முறையீடு கிடையாது, அதனால் கட்டக்கூடிய தொகைக்கு மட்டும் கையெழுத்திடுங்கள்.

தீர்ப்பே எதிராக வந்தாலும் வீட்டைத் துடைத்து எடுத்துப்போக முடியாது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழில் செய்பவரின் கருவிகள், மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத தாலி போன்றவற்றை ஜப்தியிலிருந்து காக்கிறது. "தாலியைக் கழட்டிக் குடு" என்று வாசலில் கேட்பவருக்குக் கோர்ட்டுக்கே இல்லாத அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

ஒன்பதாம் படி: வருவதைக் கூட்டுதல்

தறியோடு இன்னொரு வேலையும் பார்க்கச் சொல்வது சுலபம், பன்னிரண்டு மணி நேரம் நின்ற உடம்புக்கு அது நியாயமில்லை. அதனால் போவதை முதலில் அடைப்போம். பல குடும்பங்களின் கடன் ஒரு ஆஸ்பத்திரி பில்லில்தான் தொடங்குகிறது. ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு வி.ஏ.ஓ. சான்றோடு விண்ணப்பியுங்கள், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. வருமானம் அதைத் தாண்டினால் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளையாவது அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றுங்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மகள் கல்லூரி போனால் மாதம் 1,000 தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் தொடங்கியது. கல்லூரி அலுவலகத்திலேயே கேட்கலாம். வீட்டில் குடி இருந்தால் அதையும் நோட்டில் ஒரு வரியாக எழுதுங்கள், வெட்கப்படாதீர்கள். அரசு மருத்துவமனைகளில் மறுவாழ்வு சிகிச்சை உண்டு. அதைச் செய்யாமல் மேலே சொன்ன கணக்கு எதுவும் நிற்காது.

பிறகு சுய உதவிக் குழு. குழு லோனும் சுய உதவிக் குழுவும் ஒன்றென்று நினைப்பவர்கள் அதிகம். குழு லோனில் கம்பெனி பணம் தருகிறது, வட்டி கம்பெனிக்குப் போகிறது. சுய உதவிக் குழுவில் பன்னிரண்டு பேர், இருபது பேர் சேர்ந்து மாதாமாதம் போடும் சேமிப்பே மூலதனம். உள்கடனுக்கு இரண்டு வட்டி போட்டாலும் அந்த வட்டி குழுவின் பொதுப் பணத்திலேயே சேர்ந்து உங்களுக்கே திரும்புகிறது. தமிழ்நாட்டில் இது 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவியது. கணக்கை ஒழுங்காக எழுதும் குழுவுக்கு வங்கி தாராளமாகக் கடன் தருகிறது. மிஞ்சும் 1,225 ரூபாயில் ஒரு இருநூறை அங்கே போட்டுவாருங்கள். ஆறேழு மாதம் கழித்துப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தண்டல்காரரைக் கூப்பிடாமல் குழுவில் எடுக்கலாம். மீதி ஆயிரத்தை நகைக்கடனுக்கு மாதாமாதம் வங்கியிலேயே கட்டுங்கள், வட்டி குறையும்.

பத்தாம் படி: ஒவ்வொரு கடனும் முடியும்போது

பணம் கட்டியதோடு வேலை முடிந்துவிடாது. புரோநோட்டுக்கு மூன்று ஆண்டுதான் காலக்கெடு என்று சொல்வார்கள். ஆனால் அதன் பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டால் அந்தத் தேதியிலிருந்து மறுபடி மூன்று ஆண்டு ஓடும். எனவே அசல் தாளைக் கையில் வாங்காதவரை அந்தக் கடன் உயிரோடு இருக்கிறது என்றே வையுங்கள்.

வங்கி, நிதி நிறுவனமானால் நிலுவை இல்லைச் சான்று வாங்குங்கள். "பாதி கட்டுங்கள், செட்டில்மென்ட் போட்டுக்கொள்வோம்" என்று ஏஜென்ட் போனில் சொன்னால், நிறுவனத்தின் கடிதம் கைக்கு வராமல் கட்டாதீர்கள். அப்படி முடித்தால் சிபில் அறிக்கையில் "செட்டில்டு" என்று பதியும், பல ஆண்டுக்குப் புதுக் கடன் கிடைப்பது கடினமாகும். வேறு வழியில்லாவிட்டால் அதையும் ஏற்கலாம், தெரிந்து ஏற்க வேண்டும்.

வீட்டுப் பத்திரத்தை, முழுக் கடனும் முடிந்த 30 நாளுக்குள் வங்கி திருப்பித் தரவேண்டும். அவர்கள் தவறால் தாமதமானால் ஒரு நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்பது 2023 டிசம்பரிலிருந்து விதி. அடமானம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருந்தால் அதற்கான ரசீது ஆவணத்தையும் பதிவு செய்து, ஒரு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். சில வாரம் கழித்துச் சிபில் அறிக்கையில் அந்தக் கடன் "குளோஸ்டு" என்று வந்திருக்கிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அங்கேயே ஆட்சேபம் பதியலாம். 30 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் வீதம் உங்களுக்கு இழப்பீடு உண்டு.